பகர அடைப்புக்குள் ஒரு படித்துறை

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி மாதத்தில் நான் உறங்கியதும் விழித்ததும் துணைநூற்பட்டியலுக்குள்தான். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், ஆசிரியர் பெயர், கமா, ஆண்டு, முற்றுப்புள்ளி என்று வரிசையாக வந்து நிற்கும். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் புள்ளிகளெல்லாம் இடம் மாறிவிட்டதோ என்று பதறி விழித்துக்கொள்வேன். நடத்துநர் எங்கே போகணும் என்று கேட்டால் ‘இரண்டாம் பதிப்பு’ என்று வாயில் வந்துவிடும் போலிருக்கும்.

அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு புதிய விதிமுறைத் தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் பகர அடைப்புக்குள் அது என்ன வகை என்று ஓர் எழுத்து போட வேண்டும். நூலுக்கு ‘நூ’. கட்டுரைக்கு ‘க’. இணையத்துக்கு ‘இ’. வாய்மொழியாகக் கிடைத்ததற்கு ‘வா’. அதோடு விட்டார்களா? அன்றாட நடப்பைப் பற்றிய சான்று என்றால் பக்கத்திலேயே இன்னோர் எழுத்து வேண்டும். எழுதியவர் தானே நேரில் கண்டதென்றால் ‘நே’, பிறர் சொல்லக் கேட்டு எழுதியதென்றால் ‘கே’. தாளைப் பார்த்துவிட்டு என்னோடு படித்தவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் அந்த வேலை பிடித்திருந்தது. வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று சொல்லாமல் இருந்தேன். நான் இயல்பிலேயே கொஞ்சம் சிடுசிடுப்பான ஆள். ஒருத்தர் பேரை நேராக எழுதி அடுத்தவர் பேரைத் தலைகீழாக எழுதியிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணினியில் இதற்கென்று இருக்கும் மென்பொருளோடு தினமும் சண்டை. குடும்பப் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். நம்மிடம் எங்கே இருக்கிறது? அப்பா பேரின் முதலெழுத்தைத்தான் முன்னால் ஒட்டிக்கொண்டு திரிகிறோம். கொஞ்சம் அசந்தால் மகள் எழுதிய கட்டுரையைத் தூக்கி அப்பா கையில் கொடுத்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்து அகர வரிசையில் உட்கார வைத்து முடிக்கையில், வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கோலமும் போட்டு முடித்த நிம்மதி வரும்.

நாள் போகப் போக அந்த எழுத்துகள் தாளை விட்டு இறங்கி என்னோடு நடமாட ஆரம்பித்துவிட்டன. அம்மா வள்ளியூரிலிருந்து போனில் ஊர்க்கதை சொல்வாள். பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். நீ பார்த்தாயா என்று கேட்பேன். “நான் எங்கன பாத்தேன்? எல்லாரும் சொல்லுதாவ” என்பாள். மனதுக்குள் ‘வா’ போட்டு, பக்கத்தில் ‘கே’ போட்டு, அடைப்பை மூடிவிட்டுத்தான் அடுத்த பேச்சைக் கேட்பேன். சந்திப்பிள்ளையார் முக்கில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குக்கூட என்ன எழுத்து என்று யோசித்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

என் ஆய்வு தாமிரபரணிப் படித்துறைகளின் அன்றாடத்தைப் பற்றியது. அதைப் போய் நான் எடுத்தது வேடிக்கைதான். வள்ளியூர்ப் பக்கம் ஆறு கிடையாது. குழாயில் தண்ணீர் வரும் அன்று குடங்களை நிரப்பி வைத்து, வாளித் தண்ணீரை மிச்சம் பிடித்துக் குளித்து வளர்ந்தவள் நான். ஆறு என்றால் எனக்கு, திருநெல்வேலிக்கு வரும்போதெல்லாம் பாலத்தில் கடந்துபோகும் ஒரு பச்சைதான். வருகிறவர்கள் எல்லாரும் சும்மா இறங்கிக் குளித்துவிட்டுப் போகலாம், யாரும் வாளி கேட்க மாட்டார்கள் என்பதே எனக்குக் கனவில் நடக்கிற காரியமாகத் தோன்றியது. அந்தக் கனவைத்தான் ஆய்வுத் தலைப்பாக்கிக்கொண்டேன்.

அந்த வலைப்பூ கண்ணில் பட்டது ஒரு மத்தியானம். நூலகத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. எழுதியவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த முஸ்லிம். ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை, வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். அவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார் என்று பக்கத்தின் தலைப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சின்னதாக ஒன்று எழுதுவார், எல்லாம் அவருடைய ஊர்ப் படித்துறையைப் பற்றி. பள்ளிவாசலில் அதிகாலைப் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் துறைக்கு வருகிற பெண்கள், மேல்படியில் துணியை வைக்கும்போதே இருமலை வைத்து இன்னார் என்று தெரிந்துகொள்வது. கைநழுவிய சோப்பு மிதந்து போய் அடுத்த துறையில் ஒதுங்குவது. தண்ணீருக்குள் நின்று ஒருத்தி இன்னொருத்தியிடம் மனசு விட்டுச் சொல்வது. மார்கழியில் மேலே பனி கடித்தாலும் தண்ணீருக்குள் கால் வைத்தால் வெதுவெதுவென்று இருப்பது, கால் விரலைக் கொத்தும் மீன்குஞ்சு. ‘நான்’ என்ற சொல்லே அநேகமாக வராது. படியில் இறங்கினால் இப்படி இருக்கும், நாலாவது படியில் பாசி வழுக்கும் என்றுதான் இருக்கும்.

படித்துக்கொண்டே நான் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது என் கால் நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ மத்தியானங்கள் அந்தப் பக்கத்தில்தான் கழிந்தன. என் ஆய்வேட்டின் ஐந்தாம் இயல் முழுக்க அந்தத் துறையின் மேல்தான் எழும்பியது. எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டியலில் அவர் பெயரை எழுதி, பகர அடைப்புக்குள் ‘இ’ என்றும் பக்கத்தில் ‘நே’ என்றும் போட்டேன். இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர் கண்டதைத்தானே எழுதியிருக்க முடியும்?

என் நெறியாளர் மேடம் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, ‘நே’வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏ பிள்ள, இவரு ஆம்பளதான?”

ஆமாம் மேடம் என்றேன்.

“நீ எழுதியிருக்கது பூராவும் பொம்பளத் துறை. அதை இவரு எங்கன நின்னு பாத்தாராம்?”

ஆண்கள் துறை வேறு, பெண்கள் துறை வேறு, பெண்கள் குளிக்கிற நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள் என்பது இரண்டாம் இயலில் நானே எழுதியதுதான். எழுத்தாக எனக்குத் தெரியும். ஆற்றோரம் வளர்ந்த எந்தச் சின்னப் பெண்ணுக்கும் முதல் பத்தியிலேயே உறைத்திருக்கும், வாளியில் குளித்தவளுக்கு உறைக்கவில்லை.

ஒன்று அந்த எழுத்து தப்பு, இல்லாவிட்டால் அந்த ஆள் தப்பு என்றார் மேடம். யார் கண்ட காட்சி என்று தெரியாமல் ஓர் இயலையே அதன் மேல் நிறுத்த முடியாது, விசாரித்துச் சரிசெய், இல்லையென்றால் இயலை எடுத்துவிடு என்றார். இயலை எடுத்துவிட்டால் ஏட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே காலாவதியாகி, இத்தனை வருஷமும் வீண்.

அறைக்கு ஓடிவந்து வலைப்பூவைத் திறந்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், இல்லைதான். பிரதி எடுத்துவைத்த தாள்கள் மட்டும் மேசையில் கிடந்தன. ஆய்வுப் பதிவு போய்விடுமே என்ற பயத்தைவிட எனக்கு அப்போது வேறொன்று அருவருப்பாக இருந்தது. ஒருவேளை அந்த ஆள் எங்கேயாவது ஒளிந்து நின்று பார்த்திருந்தால்? நான் மத்தியானம் மத்தியானமாகக் கால் நனைத்த தண்ணீர் அப்படிப்பட்டதா?

அவருடைய கடைசிப் பதிவில், வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்து செல்போன் கடை போட்டிருப்பதாக ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கடையைக் காட்டிவிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வலைப்பூவின் பெயரைச் சொன்னதும் கை நின்றது. அதை அழிச்சாச்சே என்றார். நான் தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அழித்த ஒன்று அச்சாகி வந்து எதிரில் உட்கார்ந்ததை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. அண்ணாச்சி, இது பெண்கள் துறை, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கடைக் கதவைப் பாதி இறக்கினார். “வீட்டுக்கு வாங்க. அவ சொல்லட்டும்” என்றார். முன்னால் நடந்தார்.

அவருடைய மனைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லியும் விடவில்லை. தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். விஷயத்தை முதலில் சொன்னது அண்ணாச்சிதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் அங்கிருந்து போன் போடுவாராம். பிள்ளைகளைக் கேட்டு, உடம்பைக் கேட்டு முடித்த பிறகு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒருநாள் அவர் ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கு என்று கேட்டாராம். அக்கா அன்று காலை துறைக்குப் போய்வந்ததைச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வாராவாரம் அதே கேள்வி, அதற்குத் துறை முழுக்கப் பதில். கட்டில் மேல் கட்டில் போட்ட அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, போனை வைத்த சூட்டோடு அதைத் தட்டச்சு செய்துவிடுவாராம். தட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் ஊரில் இருந்த மாதிரி இருக்கும் என்றார்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஒளிந்து பார்த்தவர் இல்லை என்பதே போதுமாக இருந்தது. ஒரு வீட்டின் ஆசையைத்தான் நான் ஆறு என்று நினைத்து இத்தனை நாள் படித்திருக்கிறேன். சந்தோஷத்தில் நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். அப்படியென்றால் ‘நே’ இல்லை, ‘கே’ போட வேண்டும், சொன்னவர் என்று அக்காவின் பெயரையும் சேர்க்க வேண்டும், இயல் பிழைத்தது என்றேன்.

அக்கா என்னைத் தடுக்கவில்லை. நான் பேசி ஓய்ந்த பிறகு, அந்தத் துறைக்குத் தான் போவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று என்று சொன்னார்.

வளைகுடாவில் ஒரு வேலையிடத்தில் யாரோ யாருக்கோ வலைப்பூவைப் படித்துக் காட்டி, அது ஊருக்கு வந்து, துறைக்கும் வந்துவிட்டது. பேர் எதுவும் போடாவிட்டாலும் தங்கள் துறையைப் பெண்களுக்குத் தெரியாதா? யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்கவும் நேரமாகவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நான் படி இறங்குனா பேச்சு நின்னுரும். அம்புட்டுத்தான்” என்றார் அக்கா. கொஞ்ச நாள் போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு வீட்டிலேயே மோட்டார்த் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்துவிட்டார். தூரத்தில் இருப்பவர் வருந்துவாரென்று போனில் மட்டும் பழைய பாசியையும் மீன்குஞ்சையுமே சொல்லிச் சமாளித்திருக்கிறார். அண்ணாச்சி ஊரோடு வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே பக்கத்தை அழித்துவிட்டார்.

“இவ சொன்னத அப்படியேதான் எழுதினேன். நானா ஒரு வார்த்தை சேக்கல” என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். அதை அவர் பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. “ஒண்ணையும் விடலையே நீங்க. அது உங்களுக்குச் சொன்னது. ஊருக்குச் சொன்னது இல்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. என் பையில் மடித்து வைத்திருந்த விதிமுறைத் தாள் ஞாபகத்துக்கு வந்தது. கண்டதா கேட்டதா, அச்சில் வந்ததா வாயில் வந்ததா, எல்லாவற்றுக்கும் அதில் எழுத்து உண்டு. யாருக்குச் சொன்னது என்பதற்கு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் பென்சில் கேட்டார். முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். சோப்பு மிதந்து போன இடத்தில் சிரித்துக்கொண்டார். சில இடங்களில் பென்சிலால் பக்கவாட்டில் பையக் கோடு போட்டார். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என் பேரத் தாராளமாப் போடுங்க டீச்சர், அங்கன எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. கோடு போட்டது மட்டும் வேண்டாம். அது ஒருத்தி தண்ணிக்குள்ள நின்னுகிட்டு எங்கிட்ட நம்பிச் சொன்னது. அமானிதம், அடுத்தவுக நம்பிக் குடுத்த பொருளு மாதிரி காப்பாத்தணும். புருஷந்தானன்னு இவுகள்ட்ட நான் சொன்னதே தப்பு.”

சரி அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தாள்களைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. அக்கா கோடு போட்ட இடங்கள்தான் ஐந்தாம் இயலின் உயிர். மேடம் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியதெல்லாம் அந்த இடங்களில்தான். மீன்குஞ்சும் பாசியும் எல்லா ஆற்றிலும் இருக்கும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தண்ணீருக்குள் நின்று மட்டும் என்னென்ன சொல்ல முடிகிறது என்பதுதான் என் வாதம், அதற்கு இருந்த ஒரே சான்று இவைதான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஊர் உலகம் எல்லாம் படித்து முடித்த ஒன்றை நான் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? பேர் இல்லை, அடையாளம் இல்லை. ‘இ’யும் ‘கே’யும் சரியாகப் போட்டுவிட்டால் விதிப்படி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அக்கா இந்த ஏட்டை நூலகத்தில் வந்து தேடவா போகிறார்? ஜன்னலில் வாழைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் தண்ணீரில் பகர அடைப்புகள் மிதந்துகொண்டு போயின. உள்ளே எழுத்து ஒன்றும் இல்லாமல், வெறும் அடைப்புகள்.

ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி அந்தத் துறைக்குப் போனேன். அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தும் அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. தண்ணீருக்கு மேல் புகை போல ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது, அதற்குள் பெண்களின் தலைகள். மேலே நிற்கும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, ஒருத்தி எதையோ சொல்ல, இன்னும் இரண்டு பேர் அடக்கிச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் மத்தியானங்களுக்குள் நிஜமாகவே காலை வைக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

பேச்சு நின்றது.

யாரும் முகம் சுளிக்கவில்லை. எந்த ஊரு பிள்ள, பாத்து இறங்கு, வழுக்கும் என்று ஒருத்தர் அன்பாகத்தான் சொன்னார். வள்ளியூர் என்றேன். அப்படியா என்றார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் துணி துவைக்கும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும். கால் வைத்தேன், வெதுவெதுவென்றுதான் இருந்தது. மீன்குஞ்சுகள் வந்து விரலைக் கொத்தின. எழுதியிருந்தது எல்லாம் அப்படியே இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. நான் யாரோ ஒருத்தி. எனக்கே அந்த அமைதியில் மூச்சு முட்டியது. கூடவே குளித்தவர்கள், குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவர்கள், அவர்களுக்கு நடுவில் அக்கா எப்படித் தினமும் இதற்குள் இறங்கி ஏறியிருப்பார்? நான் சீக்கிரமே கரையேறிவிட்டேன். மேலே வந்து செருப்பை மாட்டும்போது, பின்னால் பைய ஒரு குரல் எழுந்து பேச்சு மறுபடி தொடங்கியது. விதி ஒன்றும் கேட்காதுதான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் கோடு போட்ட இடங்களை வைத்துக்கொள்ள முடியாது.

அன்று மத்தியானமே கோடு போட்ட இடங்களை எடுத்தேன். எடுக்க எடுக்க இயல் உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. வாதத்தையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. பட்டியலில் அண்ணாச்சியின் பெயருக்கு முன்னால் அக்காவின் பெயரை எழுதி, ‘சொன்னவர்’ என்று போட்டேன். சொன்னவர் விருப்பப்படி சில பகுதிகள் சேர்க்கப்படவில்லை என்று அடியில் ஒரு குறிப்பு. மேடம் படித்துவிட்டு, “அஞ்சாம் இயலு வத்திப்போச்சே பிள்ள” என்று வருத்தப்பட்டார். அந்தக் குறிப்பின் மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஏன், எது என்று கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். கடைசி நாளுக்கு முந்தைய நாள் ஏடு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த மதிப்பீட்டில், ஐந்தாம் இயல் தகவலளவில் நின்றுவிடுகிறது, வாதம் வலுவாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். பட்டம் கிடைத்தது. ஆனாலும் அந்த வரி எனக்கு இன்றும் சுருக்கென்று தைக்கும்.

ஏட்டைக் கொடுப்பதற்கு முன்பே, திருத்திய இயலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்திருந்தேன். பென்சில் கோட்டுப் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ரெண்டையும் வச்சுக்கிடுதேன் என்றார். எதற்கென்று கேட்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு காலை, நான் பாதி உறக்கத்தில் கிடந்தபோது போன் அடித்தது. அக்காதான். இன்றைக்கு ஆற்றுக்குப் போய்விட்டு வந்தேன் டீச்சர் என்றார். நான் கொடுத்த கையோடு அந்த இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று நம்பிச் சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போயிருக்கிறார். எது இருந்தது, எது எடுக்கப்பட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் அன்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாராம். மாதக்கணக்கில் ஒரு பேச்சும் இல்லை. இன்று விடியுமுன்னே வந்து வாசல் கதவைத் தட்டியிருக்கிறார். “வாரியான்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. துணியக்கூட ஒழுங்கா எடுக்காம ஓடினேன்” என்று சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது.

உறக்கமெல்லாம் போய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். துறையில் யார் யார் இருந்தார்கள், இவரைப் பார்த்ததும் என்ன சொன்னார்கள், அந்தப் பெண் தண்ணீருக்குள் என்ன பேசினார் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன்.

அக்கா மறுமுனையில் சிரித்தார். “அத உங்ககிட்டச் சொல்லுவேனா?” என்றார்.